ஐ.சி.எஃப். போகி: தள்ளாட்டத்தை அடக்கிய வரலாறு

ஐ.சி.எஃப். போகி என்பது சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்திய ரயில்வேயின் பயணிகள் பெட்டிகளைத் தாங்கிய நான்கு சக்கர வண்டித் தொகுதி. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் இரண்டு போகிகள் இருக்கும். பெட்டியின் எடையைச் சுமப்பது, வளைவில் திரும்புவது, நேர்ப்பாதையில் ஆடாமல் ஓடுவது ஆகிய மூன்றும் இதன் வேலைகள். இவற்றுள் பின்னிரண்டும் ஒன்றுக்கொன்று பகை. எளிதாகத் திரும்பும் போகி வேகத்தில் தள்ளாடும். தள்ளாடாத போகி வளைவில் அடம் பிடிக்கும். ஐ.சி.எஃப். போகியின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பகையைச் சமாளித்த வரலாறுதான்.

தமிழ்நாட்டில் 'போகி' என்றால் பலரும் பெட்டியையே நினைத்துக்கொள்கிறார்கள். "நம்ம டிக்கெட் எந்த போகி?" என்று நடைமேடையில் கேட்பது வழக்கம். நான்கு சக்கரங்கள் மட்டும் கொண்ட பழைய குட்டை வண்டிகளிலிருந்து பிரித்துக்காட்ட, போகி பொருத்திய நீளமான பெட்டிகளைப் 'போகி வண்டி' என்றார்கள். நாளடைவில் உறுப்பின் பெயர் முழு வண்டிக்கும் ஆகிவந்தது. அமெரிக்காவில் இதே உறுப்புக்கு 'டிரக்' என்று பெயர். அங்கே ரோலர் ஸ்கேட்டின் அடியிலும், பின்னர் ஸ்கேட்போர்டின் அடியிலும் உள்ள அச்சுத் தொகுதிக்கும் அதே சொல் வழங்குகிறது. சொல் மட்டுமன்றி அதன் சிக்கலும் பொதுவானது என்பதைக் கீழே காணலாம்.

தொழிற்சாலையின் தோற்றம்

விடுதலைக்கு முன்பு இந்தியாவில் ஓடிய பயணிகள் பெட்டிகள் பலவும் இரும்புச் சட்டத்தின்மேல் மரக்கூடு ஏற்றியவை. மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியின் மரக்கூட்டைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். உயிரிழப்பு பெருகியதற்கு இது முக்கியக் காரணம். சட்டமும் சுவரும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட முழு எஃகுப் பெட்டி வேண்டும் என்ற முடிவுக்கு ரயில்வே வந்தது. 1949இல் சுவிட்சர்லாந்தில் சூரிக் அருகே ஷ்லீரன் என்ற ஊரிலிருந்த பெட்டித் தயாரிப்பு நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையே தொழிற்சாலை எழுந்தது. 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு அதைத் திறந்துவைத்தார். தொடக்கத்தில் பெட்டியின் கூடு மட்டுமே இங்கே செய்யப்பட்டது. இருக்கை, மின்விளக்கு முதலிய உள்வேலைகள் ரயில்வேயின் பிற பணிமனைகளில் நடந்தன. 1962 அக்டோபர் 2 அன்று உள்ளலங்காரப் பிரிவு தொடங்கப்பட்ட பிறகே முழுப்பெட்டி இங்கிருந்து வெளிவந்தது. அந்தப் பிரிவை ஒட்டிய புது ஆவடி சாலையில்தான் இன்றைய சென்னை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகர் தொழில்நகரமாக மாறிய காலமும் இதுவே. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை, பாடியில் வாகன உறுப்புத் தொழிற்சாலைகள், ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று அடுத்தடுத்து வந்தன. சைக்கிள் ஃபோர்க்கின் சாய்வு, லாரியின் ஸ்டியரிங், டாங்கியின் தொங்கல் அமைப்பு, ரயிலின் போகி எனச் சக்கரத்தை நேராக ஓடவைக்கும் கலையின் பல கிளைகள் சில மைல் சுற்றளவுக்குள் கூடிவிட்டன. வானகரம், மதுரவாயல் பக்கம் அப்போது ஏரியும் வயலுமாக இருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை நம்பிய அந்தப் பகுதிக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை.

தள்ளாட்டம் ஏன் வருகிறது

ரயில் சக்கரம் உருளை வடிவமானது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது லேசான கூம்பு. உட்புறம், அதாவது விளிம்பை ஒட்டிய பக்கம், விட்டம் சற்று அதிகம், வெளிப்புறம் குறைவு. இந்தியாவில் வழக்கமான சாய்வு 20க்கு 1. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடச் சக்கரம் பெரிய விட்டத்திலும் வலச் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். இடப்பக்கம் கூடுதல் தூரம் கடப்பதால் அச்சு வலப்பக்கம் திரும்பி நடுவுக்கு வரும். வளைவில் ரயில் தானாகத் திரும்புவதும் இதே ஏற்பாட்டினால்தான். விளிம்பு கடைசிப் பாதுகாப்பு மட்டுமே.

சிக்கல் என்னவென்றால், நடுவுக்கு வரும் அச்சு அங்கே நிற்பதில்லை. தாண்டிப் போய் மறுபக்கம் சாய்கிறது, மீண்டும் திரும்புகிறது. பாதை முழுதும் பாம்புபோல் நெளிந்து செல்கிறது. இதை ஆங்கிலத்தில் 'ஹண்டிங்' என்பார்கள். இந்த நெளிவின் அலைநீளத்தை 1883இல் கிளிங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சூத்திரமாக்கினார். அலைநீளம் சக்கரத்தின் ஆரத்தையும் பாதையின் அகலத்தையும் கூம்பின் சாய்வையும் மட்டுமே பொறுத்தது. 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய சக்கரமும் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் 20க்கு 1 சாய்வும் கொண்ட தனி அச்சுக்குக் கணக்கிட்டால் அலைநீளம் ஏறத்தாழ 18 மீட்டர் வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஒன்றரை ஆட்டம். சக்கரம் தேய்ந்து, சாய்வு 5க்கு 1 அளவுக்குக் கூடிவிட்டால் அலைநீளம் பாதியாகி, அதே வேகத்தில் ஆட்டம் இரு மடங்காகும். தேய்ந்த சக்கரம் வளைவில் நன்றாகத் திரும்பும். நேர்ப்பாதையில் பெட்டியை உலுக்கும்.

கிளிங்கலின் சூத்திரம் ஆட்டத்தின் வடிவத்தைச் சொன்னது. ஆட்டம் எந்த வேகத்தில் அடங்காமல் பெருகும் என்பதை அது சொல்லவில்லை. ஐ.சி.எஃப். திறக்கப்பட்ட அதே 1955இல், மார்ச் மாதம், பிரான்சில் ஒரு மின்சார எஞ்சின் மணிக்கு 331 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலக சாதனை படைத்தது. அது கடந்துபோன பிறகு தண்டவாளம் நெளிந்து கிடந்தது. ரயில் கவிழாதது அதிர்ஷ்டம். அந்தப் பாதையின் படங்கள் பல ஆண்டுகள் வெளியே வரவில்லை.

விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. ஜப்பானில் தடாஷி மட்சுடைரா என்ற பொறியாளர் போர்க்காலத்தில் ஜீரோ போர் விமானத்தின் இறக்கை அதிர்வை ஆராய்ந்தவர். போருக்குப் பின் ரயில்வே ஆய்வகத்தில் சேர்ந்த அவர், விமான இறக்கை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் தானாக அதிர்ந்து முறிவதும் போகி தள்ளாடுவதும் ஒரே வகை நிகழ்ச்சி என்று கண்டார். ஆட்டம் பாதையின் கோணலால் மட்டும் வருவதில்லை. வண்டி ஓடும் ஆற்றலையே தின்று அது வளர்கிறது. வில்லின் விறைப்பையும் தணிப்பையும் சரியாக அமைத்தால் அந்த எல்லை வேகத்தை உயர்த்தலாம். 1964இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அவருடைய ஆய்வின் பயன்.

போகியின் உள்ளமைப்பு

ஷ்லீரன் வடிவமைப்பிலிருந்து வளர்ந்த ஐ.சி.எஃப். போகி பணிமனைகளில் 'ஆல் காயில் போகி' என்று அழைக்கப்படுகிறது. இரு நிலைகளிலும் சுருள்வில்களே இருப்பதால் இந்தப் பெயர். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2896 மில்லிமீட்டர் தூரம். ஒரு பெட்டியின் இரு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கிடையே 14,783 மில்லிமீட்டர்.

முதல் நிலை வில்கள் அச்சுப்பெட்டியின் மேல் உள்ளன. ஒவ்வொரு வில்லுக்குள்ளும் 'டேஷ்பாட்' என்னும் எண்ணெய்க் குடுவை. போகிச் சட்டத்திலிருந்து இறங்கும் வழிகாட்டித் தண்டு பிஸ்டன் போல எண்ணெய்க்குள் ஏறி இறங்கும். எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்குவதால் துள்ளல் தணிகிறது. அச்சு முன்பின்னாக நகராமல் பிடித்துவைப்பதும் இதே தண்டுதான். ஒரே உறுப்புக்கு இரு வேலை; சிக்கனமான ஏற்பாடு.

இரண்டாம் நிலையில் பால்ஸ்டர் என்ற குறுக்குவிட்டம் சுருள்வில்களின் மேல் மிதக்கிறது. வில்களைத் தாங்கும் கீழ்விட்டம், போகிச் சட்டத்திலிருந்து ஊஞ்சல் சங்கிலி போன்ற தொங்கு இணைப்புகளில் தொங்குகிறது. பக்கவாட்டு உதையை இந்த ஊஞ்சல் வாங்கிக்கொள்கிறது. பால்ஸ்டர் முன்பின்னாக ஓடிவிடாமல் இரு பக்கமும் மூலைக்கு மூலையாக ஒரு நங்கூரத் தண்டு கட்டுகிறது. அதன் இரு முனைகளிலும் 'சைலன்ட் பிளாக்' என்னும் ரப்பர் புஷ்கள். இரும்புக் குழாய்க்குள் ரப்பரை ஒட்டிச் செய்த இந்தப் புஷ் எல்லாப் பக்கமும் சற்றே முறுக்கிக்கொடுக்கும், ஆனால் விட்டுவிடாது. பிரேக் பிடிக்கும்போது வரும் உதை பெட்டிக்குப் போவது இதன் வழியாகத்தான்.

இந்தப் போகியின் சிறப்பு நடுமுளையில் இருக்கிறது. பழைய போகிகளில் பெட்டியின் எடை நடுமுளையின் மேல் உட்கார்ந்திருக்கும். ஐ.சி.எஃப். போகியில் நடுமுளை எடை தாங்குவதில்லை. அதைச் சுற்றியும் ஒரு சைலன்ட் பிளாக் உண்டு. இழுவையையும் பிரேக் விசையையும் கடத்துவதோடு அதன் வேலை முடிகிறது. எடை முழுவதும் 1600 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பக்கத்தாங்கிகளில் இறங்குகிறது. எண்ணெய்த் தொட்டிக்குள் ஓர் எஃகுத் தகடு, அதன்மேல் வழுக்கும் வெண்கலத் துண்டு, அதன்மேல் பெட்டி. போகி திரும்பும்போது வெண்கலம் எஃகின்மேல் உராய்கிறது. மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் சிறிய உராய்வுகூடத் திரும்பலை நன்றாகத் தடுக்கும். தள்ளாட்டத்தை அடக்குவது இந்த உராய்வுதான்.

இங்கேதான் பணிமனை ஊழியரின் கைப்பக்குவம் தேவைப்பட்டது. எண்ணெய் வற்றி, தகடு சொரசொரத்துப் போனால் போகி வளைவில் திரும்ப மறுத்துச் சக்கர விளிம்பைத் தேய்க்கும். வெண்கலம் தேய்ந்து, டேஷ்பாட் தண்டில் இடைவெளி கூடி, சைலன்ட் பிளாக்கின் ரப்பர் கிழிந்தால் போகி தள்ளாடும். குடுவையில் எண்ணெய் கசிந்துபோன பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு அதன் குலுக்கல் மறக்காது. வடிவமைப்பு நல்லதே, ஆனால் அதன் நிலைத்தன்மை தேயும் பொருள்களின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு பணிமனையும் அதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

வேகத் தேர்வு

இந்தியாவில் அகலப் பாதையின் உச்ச வேகம் நெடுங்காலம் மணிக்கு 96 கிலோமீட்டராகவே இருந்தது. லக்னோவில் 1957இல் அமைந்த ரயில்வே ஆய்வு வடிவமைப்பு நிறுவனம் 1960களில் இதை உயர்த்தும் சோதனைகளை நடத்தியது. 1969 மார்ச்சில் புது தில்லிக்கும் ஹௌராவுக்கும் இடையே முதல் ராஜதானி விரைவு வண்டி ஓடியது. உச்ச வேகம் 120 கிலோமீட்டர். சுமார் ஒரு முழு நாள் பிடித்த பயணம் 17 மணி 20 நிமிடமாகக் குறைந்தது. அதன் குளிர்சாதனப் பெட்டிகள் பெரம்பூரில் செய்யப்பட்டவை. இதே குடும்பத்துப் போகிகள் 1988இல் தொடங்கிய சதாப்தி வண்டியில் 140 கிலோமீட்டர் வரை ஓடின. ஆனால் இந்த வேகம் தனிக்கவனத்துடன் பராமரிக்கப்பட்ட சில வண்டிகளுக்கே வாய்த்தது. சாதாரணப் பெட்டிகள் 110க்குள் நின்றன.

வெளிநாட்டு ஏற்றுமதியும் போகியிலிருந்தே தொடங்கியது. 1967இல் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டவை பெட்டிகளல்ல, போகிகள்.

ஸ்கேட்போர்டின் டிரக்

இதே சிக்கலை உள்ளங்கையளவில் காண ஸ்கேட்போர்டைப் பார்க்கலாம். 1863இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை இருந்த ஸ்கேட்டுகள் நேராக மட்டுமே ஓடும். பிளிம்ப்டன் அச்சைச் சாய்வான முளையில் பொருத்தி, நடுவில் ரப்பர் மெத்தை வைத்தார். கால் ஒருபக்கம் சாய்ந்தால் அச்சு அந்தப் பக்கம் திரும்பும். ரப்பர் அதை மீண்டும் நேராக்கும். 1950களில் கலிபோர்னியாவில் ஸ்கேட்டின் டிரக்கைக் கழற்றிப் பலகையில் அடித்து ஸ்கேட்போர்டு செய்தபோது இந்த ஏற்பாடும் கூடவே வந்தது. இன்றைய மின்சார ஸ்கேட்போர்டிலும் அடிப்படை மாறவில்லை.

முளையின் சாய்கோணம் திரும்பலின் அளவைத் தீர்மானிக்கிறது. பலகை 10 பாகை சாய்ந்தால், 50 பாகை டிரக் சுமார் 11.7 பாகை திரும்பும். 35 பாகை டிரக் 6.9 பாகை, 20 பாகை டிரக் 3.6 பாகை மட்டுமே. தெருவில் வளைந்து ஓட முதலாவது நல்லது. வேகத்துக்கு மற்றவை. அதிவேக ஓட்டக்காரர்கள் முன் டிரக்கை அதிகக் கோணத்திலும் பின் டிரக்கைக் குறைந்த கோணத்திலும் வைப்பார்கள். முன்பக்கம் வழிகாட்டும், பின்பக்கம் பின்தொடரும். இரண்டும் சமமாகத் திரும்பினால் வேகத்தில் பின்பகுதி வாலாட்டத் தொடங்கும்.

ரப்பர் புஷ் இரண்டாவது தேர்வு. மென்மையான புஷ் எளிதில் சாயும், கெட்டியானது எதிர்க்கும். 78 எண் மென்மை என்றும் 95க்கு மேல் கெட்டி என்றும் கொள்வது வழக்கம். ஓட்டுபவரின் எடைக்கேற்ப இது மாறும். மென்மையான புஷ்ஷை வைத்துக்கொண்டு நட்டை இறுக்கித் தள்ளாட்டத்தை அடக்க முயல்வது பலர் செய்வது. அது பக்கத்தாங்கியின் எண்ணெயை வடித்துவிட்டு ரயிலை நேராக ஓட்டுவதற்குச் சமம். புஷ் நசுங்கி, நடுப்புள்ளிக்குத் திரும்பும் குணத்தை இழக்கிறது. எடைக்கு ஏற்ற கெட்டியான புஷ்ஷை மிதமான இறுக்கத்தில் வைப்பதே சரி.

1979இல் மான்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஸ்கேட்போர்டின் நிலைத்தன்மைக்குக் கணித மாதிரி ஒன்றை அமைத்தார். 2016இல் புடாபெஸ்ட்டைச் சேர்ந்த வார்செகி, தகாச், ஸ்டெபான் ஆகியோரும் பிரிஸ்டலின் ஹோகனும் அதில் மனிதரின் அனிச்சைத் தாமதத்தைச் சேர்த்தனர். வேகம் கூடக்கூடத் தள்ளாட்டத்தைத் திருத்த உடலுக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் திருத்தமே ஆட்டத்தை ஊட்டிவிடுகிறது. பலகையின் நடுவைவிடச் சற்று முன்னால் நிற்பது உதவும் என்றும் அவர்கள் காட்டினர். மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் மின்சாரப் பலகைகள் கடையில் கிடைக்கும் காலத்தில் இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. மலைச்சரிவில் ஓடுபவர் பழகியபின் அந்த வேகத்தை அடைகிறார். மின்சாரப் பலகை வாங்கியவர் கையிலுள்ள பொத்தானை அழுத்தி முதல் நாளே அடைந்துவிடலாம். வானகரம் பக்கத்துச் சர்வீஸ் சாலை போல மண்ணும் ஒட்டுப்போட்ட தாரும் மாறிமாறி வரும் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரு சிறு கல் போதும்.

ரயில் பயணிக்கு முன்னால் நகர்ந்து நிற்கும் வாய்ப்பில்லை. அவருக்காகப் போகியே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.

எல்.எச்.பி.யும் அதன் பிறகும்

1990களின் நடுவில் ஜெர்மனியின் லிங்க ஹோஃப்மன் புஷ் நிறுவனத்துடன் இந்திய ரயில்வே ஒப்பந்தம் செய்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த அந்தப் பெட்டிகளின் போகி, ஃபியட் வடிவமைப்பு. இதில் பக்கத்தாங்கி இல்லை, டேஷ்பாட் இல்லை. அச்சு, ரப்பர் மூட்டுடைய கட்டுக்கை ஒன்றினால் பிடிக்கப்பட்டிருக்கிறது. தேயும் உராய்வுப் பரப்புகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. அச்சு இடைவெளி 2560 மில்லிமீட்டராகக் குறைந்தது. குட்டையான போகி இயல்பாகவே அதிகம் தள்ளாடும். அதை அடக்கப் போகிக்கும் பெட்டிக்கும் இடையே 'யா டேம்பர்' என்ற நீண்ட எண்ணெய்த் தணிப்பான்கள் படுக்கைவாக்கில் வைக்கப்பட்டன. அவை மெதுவான திரும்பலுக்கு வழிவிட்டு, வேகமான ஆட்டத்தை மட்டும் எதிர்க்கும். வெண்கலமும் எஃகும் உராய்ந்து செய்துவந்த வேலையை எண்ணெய் செய்தது. வேக வரம்பு 160 ஆனது.

அப்படியிருந்தும் பழைய போகி உடனே போய்விடவில்லை. அது மலிவு, எடை தாங்கும், எந்தச் சிற்றூர்ப் பணிமனையிலும் பிரித்து மாட்டலாம். ஏழைப் பயணிகளின் பொதுப்பெட்டிகள் கடைசிவரை அதில் ஓடியதற்கு இந்த நியாயம் சொல்லப்பட்டது. நியாயம் உண்மைதான், ஆனால் ராஜதானிப் பயணிக்குக் கிடைத்த பாதுகாப்பு மற்றவர்களுக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை. 2016 நவம்பரில் கான்பூர் அருகே புக்ராயனில் இந்தூர்–பாட்னா விரைவு வண்டி தடம்புரண்டு சுமார் 150 பேர் இறந்தனர். கவிழ்ந்தவை பழைய வகைப் பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாத எல்.எச்.பி. பெட்டிகளுக்கு முழுமையாக மாறவேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது.

2018 ஜனவரியில் ஐ.சி.எஃப். வகையின் கடைசிப் பெட்டி பெரம்பூரிலிருந்து வெளியேறியது. அதே ஆண்டு அக்டோபரில், சுதான்சு மணி பொது மேலாளராக இருந்தபோது, 'ட்ரெயின் 18' அங்கிருந்தே வந்தது. சுருள்வில்லுக்குப் பதில் இரண்டாம் நிலையில் காற்று வில்கள் கொண்ட போகிகள் அதில் பொருத்தப்பட்டிருந்தன. கோட்டா பகுதியில் நடந்த சோதனை ஓட்டத்தில் அது மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று வந்தே பாரத் என்ற பெயரில் புது தில்லியிலிருந்து வாரணாசிக்கு ஓடத் தொடங்கியது.